மாமா அவித்த அதிமதுரக் குடிநீர்

கரும்பலகையில் வெள்ளைச் சோக்கால் நான் எழுதிய எழுத்துகள் மஞ்சளாகத் தெரிந்தன. கையிலிருந்த சோக்கைப் பார்த்தேன். அதுவும் மஞ்சள். முன்வாங்கில் இருந்த பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளிலும் யன்னலுக்கு வெளியே கிடந்த மணலிலும் அதே நிறம். காலையில் இரண்டு தரம் ஓங்காளித்துச் சத்தி எடுத்திருந்தேன், அந்தக் களைப்பாக்கும் என்று நினைத்துக் கதிரையைப் பிடித்தேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. பிள்ளைகள் கத்திக்கொண்டு அதிபரிடம் ஓடினார்களாம்.

மடத்துவெளியில் நான் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அறுபதுகளின் பிற்பகுதி. எனக்கு வயிற்றில் ஆறு மாதம் கடந்திருந்தது.

சின்ன வயதில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தொண்டை நோவில் தொடங்கி, முழங்கால் வீங்கி, பிறகு தானாக மாறிவிட்டது. மூட்டை விட்டுப் போகும் அந்தக் காய்ச்சல் சில பேருக்கு இருதயத்தில் வடுவை வைத்துவிட்டுப் போகும் என்பது கலியாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இருதயத்தின் அறைகளுக்கு நடுவே இரத்தம் போய்வரக் கதவுகள் இருக்கின்றன. எனக்கு அதில் ஒன்று தடித்து ஒடுங்கிவிட்டது. கதவு ஒடுங்கினால் இரத்தம் பின்னால் தேங்கும். நுரையீரலில் நீர் ஊறும், மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும், கால் வீங்கும்.

அதற்காகப் பட்டணத்து ஆசுப்பத்திரியில் இரண்டு குளிசை தந்திருந்தார்கள். ஒன்று, இருதயம் ஓடாமல் நிதானமாகவும் பலமாகவும் அடிப்பதற்கு. மற்றது, உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்குவதற்கு. அதைத் தண்ணிக் குளிசை என்போம். பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று சொன்னபோது டொக்டர் சந்தோசப்படவில்லை. "கவனமாயிருந்தால் கொண்டுபோகலாம்" என்றார். பல வருடம் பார்த்திருந்த எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

என் கணவர் குருநாகலில் ஒரு கந்தோரில் கிளாக்கர். லீவு கிடைக்கும்போதுதான் வருவார். புங்குடுதீவு வீட்டில் நானும் அவருடைய தகப்பனும்தான். மாமி நான் அந்த வீட்டுக்குப் போக முன்னமே காலமாகிவிட்டா. மாமா வாலிபத்தில் மாத்தறைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மருந்துச் சரக்கும் விற்றவர். கடையை விட்டு வந்த பிறகும் அந்தக் கைப்பழக்கம் விடவில்லை. எந்த நோவுக்கு எந்த வேர் என்று கேட்டு ஊரில் ஆட்கள் வருவார்கள். யாரிடமும் ஒரு சதம் வாங்கமாட்டார். நான் உண்டான நாளிலிருந்து என்னைக் குசினிக்குள் விடவே இல்லை. "அடுப்புப் புகை உனக்குக் கூடாது பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தானே நின்று சமைத்தார். பள்ளிக்கூடத்தால் வர, இலையில் சோறு இருக்கும், மீன்முள் எடுத்திருக்கும்.

ஐந்தாம் மாதம் அளவில் இருமல் கூடிவிட்டது. படுக்கவே விடாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்து இருமுவேன். மாமா அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த நாள் அதிமதுரத்தை இடித்து அவித்துக்கொண்டு வந்தார்.

"குடிச்சுப் பார் பிள்ளை. தொண்டைக்கு இதம். பச்சைப்பிள்ளைக்கும் குடுக்கிறது, ஒண்டும் செய்யாது."

எங்கள் பக்கத்தில் வேரையோ பட்டையையோ தண்ணீரில் அவித்து, வற்றவைத்து, வடித்தெடுத்தால் அதற்குப் பெயர் குடிநீர். மல்லியும் குடிநீர்தான், வேர்க்கொம்பு என்கிற சுக்கும் குடிநீர்தான். வருத்தமில்லாத வீட்டிலும் அடுப்பில் ஒரு குடிநீர் கொதிக்கும். அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதிமதுரக் குடிநீர் பெயருக்கேற்ற இனிப்பு. தொண்டை அரிப்பு உண்மையாகவே குறைந்தது. ஒரு வேளை குடித்தது பிறகு மூன்று வேளையாகிவிட்டது.

ஆனால் கால் வீக்கம் குறையவில்லை, கூடியது. அடுத்த கிளினிக்கில் பார்த்தபோது இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. தண்ணிக் குளிசையைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு கால்களில் பலம் போய்விட்டது. குந்தியிருந்தால் எழும்ப ஏலாது. மா இடித்த கைபோலத் தோள் இரண்டும் சோர்ந்து கிடந்தன. வயிற்றுப்பாரம் என்று நான் நினைத்தேன். சாப்பாடு காணாது என்று மாமா நினைத்தார். இன்னும் கொஞ்சம் இறுக்கமாகக் குடிநீர் அவித்தார்.

அப்படியிருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் விழுந்தேன்.

காரில் என்னைக் கிடத்திப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் கடல் மஞ்சளாகக் கிடந்தது. என் தலை மாமாவின் மடியில் இருந்தது. "கண்ணை மூடாதை பிள்ளை, என்னைப் பார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆசுப்பத்திரியில் நெஞ்சிலும் கைகாலிலும் வயர்களை வைத்து இருதயம் அடிக்கும் விதத்தைக் கடதாசியில் கீறி எடுத்தார்கள். மலையும் பள்ளமுமாக ஓடுகிற அந்தக் கோட்டில் என்னுடையது இடையிடையே தடுக்கி விழுந்து எழும்பியிருந்தது. இருதயக் குளிசை உடம்பில் நஞ்சாகிவிட்டது என்று டொக்டர் சொன்னார். சத்தியும் கண்ணில் மஞ்சளும் அதன் குணம். நான் கூடக் குடிக்கவில்லை, தந்த அளவுதான் குடித்தேன். ஆனால் இரத்தத்தில் பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறது. தசைகளுக்கும் இருதயத்துக்கும் அது வேண்டும். அது குறைந்துபோனால், சரியான அளவு குளிசையே கூடிப்போன அளவு மாதிரி வேலைசெய்யும். எனக்கு அந்த உப்பு மிகவும் குறைந்திருந்தது. தண்ணிக் குளிசை சிறுநீரோடு அதையும் கொண்டுபோகும் என்பதால் முதலில் அதன்மேல்தான் பழி விழுந்தது.

இரண்டு குளிசையையும் நிறுத்தினார்கள். உப்பைக் கரைத்துக் குடிக்கத் தந்தார்கள். அதைப்போல ஒரு கெட்ட சுவையை நான் அறிந்ததில்லை. கைப்பும் உவர்ப்புமாக நாக்கைப் பிடித்துக்கொள்ளும். தோடம்பழமும் வாழைப்பழமும் சாப்பிடச் சொன்னார்கள். எல்லாவற்றையும் மாமா கொண்டுவந்தார். பார்வையாளர் மணி அடிக்க முன்னமே வாட் வாசலில் நிற்பார். ஒரு கையில் சாப்பாட்டுக் கரியர், மற்றக் கையில் துணியால் சுற்றிய போத்தல்.

"அந்த உப்புத் தண்ணியைக் குடிச்ச வாய்க்கு இது நல்லது" என்று போத்தலைத் திறந்து தருவார். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உப்பைக் குடித்துவிட்டு, அந்தக் கைப்புப் போக மாமாவின் குடிநீரைக் குடிப்பேன். மிச்சத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலுமாரியில் வைத்துவிட்டுப் போவார்.

அந்த வாட்டில் தாதியாக றெஜினா மிஸி இருந்தா. கரம்பொன் ஊர். கத்தி அதட்டுகிற ஆள் இல்லை. என் கையைப் பிடித்து நாடி எண்ணும்போது அரைவாசியில் விடமாட்டா, முழு நிமிடமும் எண்ணுவா. தடுக்கி அடிக்கிற இருதயத்தை அரை நிமிடம் எண்ணிப் பெருக்கினால் பிழைத்துவிடும் என்று பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பா. இருதயக் குளிசை கொடுக்க முன்னம் நாடி பார்க்கவேண்டும், குறைவாக இருந்தால் கொடுக்காமல் டொக்டரிடம் சொல்லவேண்டும் என்பதையும் அங்கே கேட்டுத்தான் அறிந்தேன்.

கண்ணில் மஞ்சள் போய்விட்டது. சத்தியும் நின்றது. ஆனால் உப்பு ஏறவில்லை. ஒவ்வொரு தரமும் இரத்தம் எடுத்துப் பார்த்து டொக்டர் முகத்தைச் சுருக்குவார். இரத்த அழுத்தமும் இறங்கவில்லை. ஒருநாள் என் கட்டிலடியில் நின்று றெஜினா மிஸியிடம் சொன்னார்: "தண்ணிக் குளிசையை நிப்பாட்டி இவ்வளவு நாளாகியும் உப்புப் போகுது. வேறை ஏதோ இருக்கு. பேதிக்கு ஏதும் எடுக்கிறாவோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

அன்று பின்னேரம் றெஜினா மிஸி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தா.

"டீச்சர், நாங்கள் தாறதை விட வேறை மருந்து ஏதும் எடுக்கிறனீரோ?"

"இல்லை மிஸி."

"பேதி மருந்து? நாட்டு மருந்து?"

"ஒண்டும் இல்லை."

நான் மறைக்கவில்லை. உண்மையாகவே இல்லை என்றுதான் நினைத்தேன். சேர்க்கும்போதும் இதே கேள்வியைக் கேட்டார்கள், இதே மறுமொழியைத்தான் சொன்னேன். மிஸி எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"சரி, மருந்தை விடும். காலமை கண் முழிச்சதிலையிருந்து படுக்குமட்டும் வாயிலை வைக்கிறது எல்லாத்தையும் ஒண்டொண்டாய்ச் சொல்லும். பச்சைத்தண்ணியெண்டாலும் சொல்லும்."

பாண், தேத்தண்ணி, மாமா கொண்டுவரும் சோறு, தோடம்பழம் என்று சொல்லிக்கொண்டு போனேன். "பிறகு குடிநீர்" என்றேன்.

"என்ன குடிநீர்?"

"அதிமதுரம். இருமலுக்கு மாமா அவிச்சுத் தாறவர்."

"எவ்வளவு நாளாய்?"

"இருமல் தொடங்கினதிலையிருந்து."

அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்து மணந்து பார்த்தா. "எனக்கும் இதைப்பற்றித் தெரியாது டீச்சர். எங்கடை வீட்டிலையும் குடிக்கிறனாங்கள். டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு வாறன், அதுமட்டும் குடிக்காதையும்" என்று சொல்லிப் போத்தலைக் கொண்டுபோனா.

டொக்டர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் காலையில் வந்தார். அதிமதுரத்தில் இருக்கும் இனிப்புச் சத்து, அளவு கூடினால், உடம்பைச் சாதாரண உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கச் செய்யும், பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும் என்று விளங்கப்படுத்தினார். தண்ணீர் தேங்கினால் அழுத்தம் ஏறும், கால் வீங்கும். ஒடுங்கின கதவுக்குப் பின்னால் இன்னும் நீர் ஊறும். இருமல் கூடும்.

"சுகமான ஆள் இருமலுக்கு ரெண்டு நாள் குடிச்சால் ஒண்டும் நடவாது" என்றார். "உங்களுக்கு இருதய வருத்தம், தண்ணிக் குளிசை, இருதயக் குளிசை. அதுக்கு மேலை இதைக் கனநாள் குடிச்சிருக்கிறியள்."

இருமலுக்கென்று குடித்தது இருமலைக் கூட்டியிருக்கிறது. இருமல் கூட, நான் இன்னும் குடித்திருக்கிறேன்.

அன்று மாமா வந்தபோது றெஜினா மிஸி வாசலிலேயே அவரை மறித்து, கொஞ்ச நாளைக்கு ஆசுப்பத்திரிச் சாப்பாடு மட்டும்தான் என்று பக்குவமாகச் சொன்னா. மாமா ஏன் என்று கேட்கவில்லை. போத்தலைத் துணியால் திரும்பச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். "மிஸி சொன்னால் கேக்கத்தானே வேணும்" என்றார்.

குடிநீரை நிறுத்தினவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. அதன் வேகம் உடம்பில் பல நாள் நிற்குமாம். மெல்ல மெல்ல உப்பு ஏறியது. கால் வீக்கம் வடிந்தது. ஒருநாள் ஒருவரையும் பிடிக்காமல் கட்டிலால் எழும்பி நின்றேன். வாட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று என் கணவருக்குச் சுகமென்று கடிதம் எழுத நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் குளித்துவிட்டு வந்து சேலை உடுத்தும்போதுதான் உணர்ந்தேன், காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன். பக்கம் மாறிப் படுத்துப் பார்த்தேன். சாதாரணமாகச் சாப்பிட்டவுடன் ஒரு உதை வரும். சாப்பிட்டுப் பார்த்தேன்.

டொக்டர் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்துக் கனநேரம் கேட்டார். பிறகு றெஜினா மிஸியிடம் கொடுத்தார். மிஸி இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டா. எழும்பும்போது குழலை நான் பார்க்காதபடி முதுகுப் பக்கம் கொண்டுபோனா. எனக்கு அதுவே போதும்.

நோவு தானாக வரும்வரை காத்திருக்கவேண்டும் என்றார்கள். அந்தக் காத்திருப்பைப்பற்றி எழுத என்னால் ஏலாது. என் கணவர் வந்துவிட்டார். என் கட்டிலில் கைவைத்துக்கொண்டு இருப்பார்.

பெண்பிள்ளை. பிள்ளையை என்னிடம் காட்டக்கூடாது என்று சில பேர் சொன்னார்கள். றெஜினா மிஸி கேட்கவில்லை. கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தா. "பாரும் டீச்சர். பிறகு பார்க்கேல்லையெண்டு கிடக்கக்கூடாது" என்றா. தலைமயிர் நிறைய இருந்தது. மூக்கு மாமாவின் மூக்கு.

மாமாவும் என் கணவரும் பிள்ளையைக் காரில் ஊருக்குக் கொண்டுபோய் எங்கள் காணியில் அடக்கம் செய்தார்கள்.

"அதிமதுரத்தாலைதானோ டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"அப்பிடியெண்டு என்னாலை சொல்லேலாது. இல்லையெண்டும் சொல்லேலாது" என்றார். "உங்கடை இருதயத்துக்கே இது பாரம். அதோடை அழுத்தமும் ஏறி, இருதயமும் தடுக்கிக்கொண்டு இருந்தது. எல்லாம் சேர்ந்துதான்." அவர் என்னைப் பார்த்து நேராகச் சொன்னதற்கு இன்றைக்கும் நன்றியாயிருக்கிறேன்.

துண்டு வெட்டி என்னை வீட்டுக்கு விடுகிற அன்று றெஜினா மிஸியிடம், மாமாவுக்கு இதைச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன். "அந்த மனிசன் தாங்கமாட்டார் மிஸி. என்னிலை உள்ள பட்சத்திலை, பாசத்திலை செய்தது."

"எனக்கு விளங்குது டீச்சர். ஆனால் அவர் வேறை ஆக்களுக்கும் குடுக்கிறவரோ?"

எனக்கு அடுத்த வீட்டு இராசம்மா அக்காவின் நினைவு வந்தது. இரத்த அழுத்தக்காரி. அவவின் வரட்டு இருமலுக்கும் மாமாதான் அதிமதுரம் இடித்துக் கொடுப்பவர்.

வீட்டுக்கு வந்த பிறகும் சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் மாமா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது போய் வாசலில் நின்றேன்.

"மாமா, உங்களோடை ஒண்டு கதைக்கவேணும்."

டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அதாலைதான் என்று டொக்டர் சொல்லவில்லை என்பதை இரண்டு மூன்று தரம் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அது இனிப்பல்லோ பிள்ளை" என்றார். "இனிப்பு மருந்தல்லோ."

"ஓம் மாமா."

"ஆசுப்பத்திரிக்கும் கொண்டுவந்து தந்தனான்."

நான் அழத் தொடங்கினேன். அவர் அழவில்லை. கையைக் கழுவினார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலிப்பொட்டுக்குள்ளால் நுழைந்து அடுத்த வீட்டுக்குப் போனார். அவருடைய குரல் எனக்குக் கேட்டது. "இராசம்மா, நான் தந்த அதிமதுரம் மிச்சமிருந்தால் திருப்பித் தா. இனிக் குடியாதை. கிளினிக்குக்குப் போகேக்கை குடிச்சனான் எண்டு கட்டாயம் சொல்லு." அன்றைக்கு அவர் எத்தனை வீட்டுக்குப் போனாரோ தெரியாது. பொழுதுபடத்தான் திரும்பி வந்தார். வெட்டின மீனைக் காகம் கொண்டுபோயிருந்தது.

பிறகு ஒருநாள், எனக்குச் சொல்லாமல், தனியாகப் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போய் றெஜினா மிஸியைக் கண்டிருக்கிறார். மிஸிதான் கனகாலத்துக்குப் பிறகு எனக்குச் சொன்னா. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். "பிள்ளைக்கு நொந்திருக்குமோ மிஸி?"

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கிளினிக்கில் இருக்கும்போது இளம் மிஸிமார் "வேறை மருந்து பாவிக்கிறியளோ?" என்று கேட்பதையும், பெண்கள் "இல்லை" என்று தலையாட்டுவதையும் இன்றைக்கும் பார்க்கிறேன். அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. கடையில் வாங்குகிற வேர், வீட்டில் அவிக்கிற தண்ணீர், வயிறு இளக என்று மாதக்கணக்காகக் குடிக்கிற நிலாவாரை, இவையெல்லாம் எங்களுக்கு மருந்தல்ல, சாப்பாட்டோடு சேர்ந்தது. என்ன குடிக்கிறீர் என்று கேளுங்கள். சாப்பாடு கொண்டுவருகிறவர்களையும் கேளுங்கள். முக்கியமாக இருதயத்துக்கும் அழுத்தத்துக்கும் குளிசை எடுக்கிறவர்களைக் கேளுங்கள். கேட்கும்போது ஏசாதீர்கள், ஏசினால் அடுத்த தரம் ஒளித்துவிடுவோம். எங்கள் நாட்டு மருந்துப் பரியாரிமார் நாடி பிடிக்கும்போது இங்கிலீசு மருந்து எடுக்கிறதோ என்று கேட்கிறார்கள். இந்தப் பக்கமும் அப்படிக் கேட்டால் நல்லது. அதிமதுரத்தில் எனக்குக் கோபமில்லை. என் உடம்பில் அது என்ன செய்யும் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு கொழும்பில் என் நெஞ்சைத் திறந்து அந்தக் கதவை விரித்துவிட்டார்கள். அதனால்தான் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

கொழும்புக்கு மாமாவும் வந்தார். வரவேண்டாம் என்று என் கணவர் சொல்லியும் கேட்கவில்லை. சேர்க்கும்போது ஒரு சிங்கள மிஸி வந்து என் பெயர், வயது எல்லாம் கேட்டா. என்ன குளிசை எடுக்கிறேன் என்று கேட்டா. நான் வாயைத் திறக்க முன்னம் மாமா கதிரையால் எழும்பினார். மாத்தறையில் கடையில் நின்று பேசிய சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். காலையில் இரண்டு இடியப்பம், சொதி. பால் விடாத தேத்தண்ணி. பத்து மணிக்கு ஒரு கதலி வாழைப்பழம். சோறு, மீன் குழம்பு, முருங்கையிலை. கொத்தமல்லி இல்லை, வேர்க்கொம்பு இல்லை, அதிமதுரம் இல்லை. மிஸி சிரித்துக்கொண்டு, குளிசையை மட்டும் சொன்னால் போதும் ஐயா என்றா. மாமா சிரிக்கவில்லை. முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வேறை ஒண்டும் இல்லைத்தானே பிள்ளை?"

"இல்லை மாமா."

"வடிவாய் யோசிச்சுச் சொல்லு."

"ஒண்டும் இல்லை மாமா."

அவர் மிஸியிடம் திரும்பி, காலை இடியப்பத்திலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.